கடிபட்ட வெளிச்சம்

அத்தியாயம் 5

"ஓட்டை," என்றாள் யோசெப்பின். "பெட்டி இருக்கு, துருத்தி இருக்கு, தோல்வார் இருக்கு. நடுவில ஓட்டை. பல்லுக் கழட்டி வைச்ச என்ர மாமனார் மாதிரி இருக்கு அண்ணை."

அருமைராசா மொன்றியலின் கோட்-டெ-நெஜ் மாதா மண்டபத்தின் கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் கைகளை முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டு, அலுமாரி ஏதோ பொய் சொல்லிவிட்டது போல அதை முறைத்துக்கொண்டு நின்றார். வயது அறுபத்துநாலு. டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி தூக்கி, கடைசி ஆறு வருடம் தொலைந்த பெட்டிகளைத் தேடும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். எட்டாம் வகுப்போடு படிப்பு முடிந்த ஆள். ஒருவரையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் கிடைத்த ஒரே வேலை அதுதான் என்று அவரே சொல்வார். சம்பளம் நின்ற பிறகும் அந்தப் பழக்கத்தை அவர் நிறுத்தவில்லை. ஊரில் எது தொலைந்தாலும் ஆட்கள் அவரிடம் வந்தார்கள்.

அலுமாரிக்குள் இருந்தது காலஞ்சென்ற பேனாட்டின் மடக்குக் கமரா. போலறொயிட். படம் எடுத்து, ஒரு நிமிடம் எண்ணி, பின்கதவைத் திறந்து உரித்தால் கறுப்பு வெள்ளைப் படம் கையில் வரும். எண்பத்தாறு, எண்பத்தேழில் மொன்றியலில் வந்து இறங்கிய தமிழரில் பாதிப்பேர் அந்தக் கமராவுக்கு முன்னால் நின்றவர்கள். 'உயிரோடு இருக்கிறேன்' என்று வீட்டுக்கு எழுதும் கடிதத்துக்குள் வைக்க ஒரு படம் வேண்டுமே. பேனாட் செத்து மூன்று வருடம். அவருடைய மனைவி அக்னெஸ் கமராவை மண்டபத்துக்குக் கொடுத்தாள். மண்டபத்தில் சங்கம் இருந்தது. சங்கம் இருந்தால் தலைவர் இருப்பார், தலைவர் இருந்தால் கண்ணாடி அலுமாரி இருக்கும், அலுமாரிக்கு ஒரு சாவி இருக்கும். சாவி இருக்கும் இடத்தில் சண்டை வராமல் போகாது.

போன செவ்வாய்க்கிழமை அக்னெஸ் தன் மகளுக்குக் காட்ட அந்தக் கமராவை வெளியே எடுத்து விரித்தாள். லென்ஸைக் காணவில்லை. மடக்கி வைத்தால் லென்ஸ் உள்ளே மறைந்துவிடும் என்பதால் எப்போது போனது என்று ஒருவருக்கும் தெரியாது.

"ஒருத்தருக்குத் தெரியுமாம்," என்றாள் கத்தரின். மண்டபத்தைக் கூட்டித் துடைத்துப் பூட்டுபவள் அவள்தான். இடுப்பில் சாவிக் கோர்வை தொங்கியது. "எங்கட தலைவர் ஜெராட். போன டிசம்பர் நத்தாருக்கு முதல்நாள் தூசு தட்டேக்க கமராவைத் திறந்து பாத்தவராம். லென்ஸ் இருந்ததாம். தன்ர கண்ணால கண்டவராம்."

"சாவி எப்ப தொடக்கம் உம்மட்ட இருக்கு?"

"நவம்பர் முதலாந் திகதி. அதுக்கு முதல் குசினி ஆணியில தொங்கினது. போறவன் வாறவன் எல்லாம் எடுப்பான். நான் வந்த பிறகு மாதா கேட்டாலும் குடுக்கிறேல்லை."

"அப்ப நத்தாருக்குப் பிறகு போனதெண்டா நீர்தான்."

"ஓம். அப்பிடித்தான் சொல்லினம்." கத்தரின் துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள். குரல் உயரவில்லை. "நாளைக்குப் பூசை முடிய எல்லாருக்கும் முன்னால சாவியை மேசையில வைச்சு மன்னிப்புக் கேக்கட்டாம். கேட்டா பொலிசுக்குப் போகமாட்டினமாம். இரக்கமாம்!"

"கேக்கப் போறீரோ?"

"நான் எடுக்கேல்லை அண்ணை. எடுக்காததுக்கு மன்னிப்புக் கேட்டா எடுத்தவள் ஆயிடுவன். என்ர முழங்கால் மாதாவுக்கு மட்டும்தான் மடங்கும். சங்கத்துக்கு மடங்காது."

அருமைராசா முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். தொலைந்த பெட்டிக்காரர் ஆயிரம் பேரைக் கண்டவர் அவர். பொய் சொல்பவன் பெட்டியின் நிறத்தைச் சொல்லி, பூட்டைச் சொல்லி, உள்ளே இருந்த பட்டுச் சேலையின் கரை வரைக்கும் சொல்வான். உண்மை சொல்பவன் கோபப்படுவான், அவ்வளவுதான். அதற்காகக் கத்தரினை அவர் நம்பிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். கோபத்தைப் பழகி வைத்திருக்கும் கள்ளரும் உண்டு.

"நல்லா யோசியுங்கோ அக்கா," என்றாள் யோசெப்பின். "மன்னிப்புக் கேட்டா ஒரு நிமிசத்தில முடிஞ்சிடும். கேக்காட்டி இவர் துப்பறிவார். அது உங்களுக்குப் பெரிய தண்டனை."

யோசெப்பினுக்கு ஐம்பத்தைந்து வயது. டோர்வலில் விமானச் சாப்பாடு கட்டும் இடத்தில் வேலை. ஓய்வு நாளில் அருமைராசாவுக்கு வாகனம் ஓட்டுவாள், வாய் ஓடுவது அதற்கு மேலதிகம். இருவரும் அறிமுகமானதே ஒரு பெட்டியால்தான். தொண்ணூற்றெட்டில் அவள் வந்து இறங்கியபோது அவளுடைய பித்தளை இடியப்ப உரலைக் கண்டு, வெடிக்கிற சாமான் என்று அரைமணி நேரம் ஆட்களை விலக்கி நிறுத்தி வைத்தார்கள். அங்கே பெட்டி தூக்கிக்கொண்டிருந்த அருமைராசாதான் உரலை வாங்கி, உள்குழலை வெளிக்குழலுக்குள் விட்டு அமத்திக் காட்டி, "நூடில்ஸ், நூடில்ஸ்" என்று சொல்லி அவளை மீட்டவர்.

அருமைராசா கமராவை எடுத்து ஓட்டையின் விளிம்பைத் தடவினார். கீறல் இல்லை. அவசரப்பட்டுப் பிடுங்கினது இல்லை, கருவி பிடிக்கத் தெரிந்த கை ஆறுதலாகக் கழற்றியிருக்கிறது. துடைப்பமும் தும்புத்தடியும் பிடிக்கிற கை இதைச் செய்யாது என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படிச் சொல்லித்தான் தும்புத்தடிக்காரரை ஒன்றுக்கும் உதவாதவர் ஆக்குகிறார்கள். அதனால் அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நிமிர்ந்தபோதுதான் கலண்டர் கண்ணில் பட்டது.

மண்டபமே அடித்து வீடு வீடாகக் கொடுத்த 2006ஆம் ஆண்டுக் கலண்டர். தலைவர் உட்காரும் கதிரைக்கு நேர் மேலே தொங்கியது. போன செப்டெம்பர் எட்டாந் திகதி மாதா சுற்றுப்பிரகார ஊர்வலத்தில் எடுத்த படம். ஒரு சிறுமி மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். முகம் வடிவாகத் தெரிகிறது. பின்னால் வருபவர்களின் மெழுகுதிரிகள் எல்லாம் மங்கி, வட்ட வட்ட வெளிச்சமாகப் பரவியிருக்கின்றன. மூலையில் சின்ன எழுத்தில்: 'படம்: டிலக்ஷன், புரோசார்ட்.'

அருமைராசா கதிரையில் ஏறினார்.

"அண்ணை, அது தலைவரின்ர கதிரை. குந்தினாலே குற்றம், நீங்கள் சப்பாத்தோட ஏறுறியள்."

"இஞ்ச வா. இந்த வெளிச்சங்களைப் பார். என்ன தெரியுது?"

யோசெப்பின் மூக்குக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தாள். "வட்டம்… இல்லை, முழு வட்டம் இல்லை. எல்லாத்திலயும் இடப்பக்கம் ஒரு கடி. ஆரோ பிஸ்கட்டைக் கடிச்சிட்டு வைச்ச மாதிரி. எல்லாத்தையும் கடிச்சிருக்கு!"

அருமைராசா காற்சட்டைப் பையிலிருந்து பணப்பையை எடுத்து, அதற்குள்ளிருந்து ஒரு பழைய போலறொயிட் படத்தை எடுத்தார். எண்பத்தேழு நத்தார். பேனாட்டின் வீட்டு நத்தார் மரத்துக்கு முன்னால் ஒரு மெலிந்த ஆள், தலை நிறையச் சுருள் மயிர்.

"இதார், உங்கட தம்பியோ?"

"நான்தான்."

"பாவம். அந்த மயிரெல்லாம் எந்தப் பிளைற்றில தவறினது?"

"மரத்தின்ர லைற்றுகளைப் பார்."

யோசெப்பின் பார்த்தாள். பகிடி நின்றது. மரத்து விளக்குகளும் மங்கிய வட்டங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கடி. "ஆனா அண்ணை, இதில மேல கடிச்சிருக்கு. கலண்டரில இடப்பக்கம்."

அருமைராசா தன் படத்தைக் கால்வாசி திருப்பினார். பழைய ஆள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டார். கடி இடப்பக்கம் வந்து நின்றது. கலண்டர்க் கடியும் அதுவும் ஒரே அளவு, ஒரே வளைவு.

"எண்பத்தாறு மாரியில பேனாட் இந்தக் கமராவோட ஐஸில வழுக்கி விழுந்தவன். லென்ஸுக்குள்ள ஒரு தகடு வளைஞ்சு வாய்க்குள்ள நீட்டிக்கொண்டு நிண்டது. திருத்த வசதியில்லை. தூரத்து வெளிச்சம் மங்கினா லென்ஸின்ர வாய் எந்த உருவமோ அந்த உருவத்திலதான் விழும், வாய் கோணினா வெளிச்சமும் கோணும் எண்டு அவன்தான் எனக்குச் சொன்னவன். பத்தொன்பது வருசமா இந்தக் கடியைப் பாக்கிறன். எனக்குத் தெரியாதோ?"

"அப்ப இந்தக் கலண்டர்ப் படம்…"

"பேனாட்டின்ர லென்ஸ் எடுத்தது. வேற உடம்பில, கால்வாசி திருப்பிப் பூட்டி."

கத்தரின் கீழே நின்று விரலை மடக்கினாள். "செப்டெம்பர் எட்டு. எனக்குச் சாவி வந்தது நவம்பர்." பிறகு மெதுவாக, "ஜெராட் கண்டது நத்தாருக்கு."

"இல்லாத லென்ஸைக் கண்டிருக்கிறார்," என்றாள் யோசெப்பின். "அவருக்கு மாதா காட்சி குடுக்கிறா போல."

"அப்ப இதைக் கொண்டுபோய்க் காட்டுவம்," என்றாள் கத்தரின்.

"காட்டினா தூசு எண்டுவாங்கள், அச்சுப் பிழை எண்டுவாங்கள். சங்கக்காரனுக்கு முன்னால படத்தை வைக்கக் கூடாது, லென்ஸ் கண்ணாடியையே வைக்கவேணும்." அருமைராசா கதிரையிலிருந்து இறங்கினார். இறங்கி, கதிரையைத் துடைக்கவில்லை. "யோசெப்பின், வாகனத்தை எடு. புரோசார்ட்."

*

புரோசார்ட் ஊருக்குப் போகும் சம்பிளான் பாலத்துக்குக் கீழே ஆறு பாளம் பாளமாக உறைந்து கிடந்தது. யோசெப்பின் ஒரு கையால் ஸ்ரியரிங் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

"என்ன இது?"

"பாண். ஏழு மாதமாப் பாண்தான். உரல் இல்லை."

"எங்க உரல்?"

"ஜெராட்டின்ர மனிசி றெபேக்கா போன யூலையில திருநாள் சமையலுக்கெண்டு கேட்டு வாங்கினவள். கேக்கிற நேரமெல்லாம் 'கழுவி வைச்சிருக்கிறன், பேந்து தாறன்' எண்டுறாள். ஏழு மாதமாக் கழுவுறாள் அண்ணை. உரல் இந்நேரம் கரைஞ்சிருக்கும். அம்மா தந்த உரல், அவவின்ர பேர் வெட்டினது."

"போய் எடுத்துக்கொண்டு வாவன்."

"தலைவர் வீட்டில உரல் கேட்டுச் சண்டை பிடிச்சா அடுத்த வருசம் கலண்டரும் தரமாட்டாங்கள்."

அருமைராசா அந்த ரொட்டித் துண்டைக் கடித்தார். அவருக்குப் பாண் பிடிக்காது. பாலமும் பிடிக்காது.

"உள்ள போய் என்னெண்டு கேக்கிறது?" என்றாள் யோசெப்பின். "'தம்பி, களவெடுத்த லென்ஸ் இருக்கோ?' எண்டோ?"

"படம் எடுக்கிறவனிட்ட என்ன கேக்கிறது? படம் எடுக்கச் சொல்லித்தான்."

டிலக்ஷனின் ஸ்ரூடியோ ஒரு வீட்டின் நிலக்கீழ் அறை. முப்பது வயது, குறுந்தாடி, கறுப்புச் சட்டை. கலியாண வீடு, முதல்நன்மைப் பூசை, பிறந்தநாள் எல்லாம் எடுப்பவன். சுவரில் மணமக்கள் வரிசையாகச் சிரித்தார்கள்.

"என்னத்துக்கு ஐயா படம்? பாஸ்போட்டுக்கோ?"

"மரண அறிவித்தலுக்கு," என்றார் அருமைராசா.

டிலக்ஷன் யோசெப்பினைப் பார்த்தான்.

"அவர் எல்லாத்தையும் முன்கூட்டியே செய்யிற ஆள் தம்பி," என்றாள் அவள். "நாங்களும் அவசரப்படுத்தேல்லை. ஆனா தடுக்கவும் இல்லை."

"செத்தாப் பிறகு மற்றவங்கள் தெரிவு செய்யிற படத்தில எனக்கு நம்பிக்கை இல்லை," என்றார் அருமைராசா. "கலண்டரில நீர் எடுத்த படம் கண்டனான். முகம் வடிவா, பின்னால லைற்றெல்லாம் பூப் பூத்த மாதிரி. எனக்கும் அப்பிடி வேணும். உந்தப் புதுக் கமராக்களில அது வராது. வருமோ?"

கெட்டிக்காரனை மடக்க அவனுடைய கெட்டித்தனத்தைக் கேட்டாலே போதும். டிலக்ஷனின் முகம் மலர்ந்தது. அலுமாரியைத் திறந்து ஒரு டிஜிற்றல் கமராவை எடுத்தான். வழக்கமான லென்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பூச்சு அடித்த ஒரு தடித்த குழல். குழலின் நுனியில் பழைய, வெள்ளி விளிம்புள்ள லென்ஸ்.

"இது அறுபதுகளில வந்த போலறொயிட் லென்ஸ் ஐயா. இப்ப உலகத்தில கன பேர் பழைய லென்ஸுகளைப் புதுக் கமராவில பூட்டுறாங்கள். எல்லாருக்கும் சரிவராது. இந்த லென்ஸ் தள்ளி நிக்கவேணும், எட்டு ஒன்பது சென்ரிமீற்றர். அதுக்குத்தான் குழல். பாருங்கோ, ஒரு குழலுக்குள்ள இன்னொரு குழல். இழுத்தா, தள்ளினா முகம் தெளியும்."

"லென்ஸுக்குள்ளயும் ஒரு ஷட்டர் இருக்குமே?"

டிலக்ஷன் ஆச்சரியப்பட்டான். "ஐயாவுக்குத் தெரியுமோ! இருக்கு. அதைத் திறந்தபடி நூலால கட்டிவிட்டிருக்கிறன். மூடித் திறக்கிறது புதுக் கமராவின்ர வேலை. பழைய படம் உள்ளங்கை அளவு. இந்தக் கமராவுக்குள்ள படம் விழுற தகடு முத்திரை அளவு. அதால நடுப்பகுதி மட்டும்தான் விழும். தூரத்தில நிக்கிற முகத்தையும் கிட்ட இழுத்துத் தரும். அந்த மெதுமை இருக்கே, அதைக் கொம்பியூட்டரில செய்யேலாது."

அவன் பின்சுவரில் நத்தார் விளக்குக் கொடியைக் கொளுத்திவிட்டு, அருமைராசாவை ஸ்ரூலில் இருத்தினான். குழலை இழுத்தான், தள்ளினான். கிளிக். கமராவின் பின்பக்கச் சின்னத் திரையில் படத்தைக் காட்டினான். அருமைராசா முகத்தைப் பார்க்கவில்லை. பின்னாலிருந்த விளக்குகளைப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் இடப்பக்கம் ஒரு கடி.

பழைய படத்தை எடுத்துத் திருப்பிப் பக்கத்தில் பிடித்தார்.

"இந்த லென்ஸ் என்னை இதுக்கு முதலும் ஒருக்கா எடுத்தது தம்பி. எண்பத்தேழில. அப்ப பேனாட்டின்ர கமராவில இருந்தது. இப்ப அந்தக் கமராவில ஓட்டை. அந்த ஓட்டைக்காக நாளைக்குக் கத்தரின் சனத்துக்கு முன்னால முழங்காலில நிக்கவேணுமாம்."

டிலக்ஷன் கமராவைச் சட்டெனத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. "பேனாட் அங்கிளின்ர ஒண்டையும் நான் தொடேல்லை. மண்டபத்தில ஏதோ லென்ஸ் காணேல்லை எண்டு கேள்விப்பட்டனான், அவ்வளவுதான். இது வேற. ஒரு வெள்ளைக்காரக் கிழவன் குழலோட செய்து வைச்சிருந்தது. பழஞ்சாமான் சந்தையில எடுத்தது. நம்பாட்டி பொலிசைக் கூப்பிடுங்கோ. போங்கோ, கூப்பிடுங்கோ!"

"வெள்ளைக்காரனைக் கண்டனீரோ?"

"அது உங்களுக்குத் தேவையில்லை."

"சரி. பொலிசைக் கூப்பிட முதல் ஒண்டு. அந்தக் குழலைக் கழட்டிக் கையில தாரும். ஓடமாட்டன். ஓடினாலும் என்ர முழங்காலுக்கு நீர் நடந்தே பிடிக்கலாம்."

டிலக்ஷன் தயங்கினான். குற்றம் இல்லாதவனின் திமிரோடு கழற்றிக் கொடுத்தான்.

அருமைராசா குழலை உருட்டினார். கனம். தகரம் இல்லை, பித்தளை. கறுப்புப் பூச்சு மட்டமாக, தொழில் தெரிந்த கையால் அடிக்கப்பட்டிருந்தது. உள்குழலை வெளிக்குழலுக்குள் மெல்லத் தள்ளினார். மெத்தென்று, காற்றை அமத்திக்கொண்டு இறங்கியது. இந்த இறக்கத்தை அவருடைய கை முன்பு எங்கோ அறிந்திருந்தது. ஆட்களை விலக்கி நிறுத்திய ஒரு மேசைக்கு முன்னால், "நூடில்ஸ், நூடில்ஸ்" என்று சொல்லிக்கொண்டு.

பெருவிரலால் வெளிக்குழலின் விளிம்போரம் தடவினார். பூச்சுக்குக் கீழே சின்னச் சின்னக் குழிகள். ஆணி வைத்துக் குத்திக் குத்தி எழுதியவை.

"யோசெப்பின். கண்ணை மூடிக்கொண்டு இதைத் தடவிப் பார்."

"மந்திரமோ?"

"தடவு."

யோசெப்பின் கண்ணை மூடினாள். விரல் மெல்ல ஓடியது, நின்றது, திரும்ப ஓடியது. அவள் வாய் திறந்தது. பத்து வினாடிக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அருமைராசா அவளை அறிந்த எட்டு வருடத்தில் அது சாதனை.

"அ… தி… அந்தோனிப்பிள்ளை திரேசம்மா." கண்ணைத் திறந்தாள். "என்ர அம்மா. அண்ணை, இது என்ர உரல்! என்ர இடியப்ப உரல்! அடியை அறுத்துப்போட்டாங்கள் படுபாவியள்!"

டிலக்ஷன் ஓரடி பின்னால் வைத்தான். "உரலோ?"

"தம்பி, வெள்ளைக்காரன் எப்ப தொடக்கம் இடியப்பம் பிழியிறவன்?" என்றார் அருமைராசா.

டிலக்ஷன் கையை நீட்டித் தானும் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தான்.

ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரத்தில் பேர் வெட்டி வைப்பது எதற்கு? கலியாண வீட்டுக்கும் திருநாளுக்கும் போகிற பாத்திரம் திரும்பி வருவதற்கு. வெட்டினவர் சந்தேகத்தோடுதான் வெட்டுகிறார். திரேசம்மா தன் சொந்தச் சனத்தையே நம்பவில்லை. அருமைராசாவுக்குக் கண்டிராத அந்த மனுசி மேல் பெரிய மரியாதை வந்தது. குழலைச் செய்தவனுக்கோ வெளியே பூச்சடித்தால் போதும் என்ற நினைப்பு. கண்ணுக்கு மறைத்தான். விரலை மறந்தான்.

"யூலையில என்ர உரல் றெபேக்காவிட்டப் போனது," என்றாள் யோசெப்பின். குரலில் இப்போது பகிடி இல்லை. "றெபேக்காவின்ர மனிசன் சென் லோறன் பட்டறையில லேத்தில நிண்டு இரும்பு கடையிறவர்."

டிலக்ஷன் ஸ்ரூலில் உட்கார்ந்தான். "ஜெராட் மாமா… என்ர அம்மாவின்ர தமையன். இப்பிடியொரு லென்ஸ் கிடைச்சா நல்லா இருக்கும் எண்டு நான்தான் அவரிட்டச் சொன்னனான். ஒரு கிழமையில கொண்டுவந்து தந்தவர். வெள்ளைக்காரனைப் பற்றி அவர்தான் சொன்னவர். நான் ஒரு வெள்ளைக்காரனையும் காணேல்லை." தலையை நிமிர்த்தினான். "கத்தரின் அக்கா என்ர முதல்நன்மைக்கு வெள்ளைச் சட்டை தைச்சவ."

"அப்ப நாளைக்குப் பூசைக்கு வாரும். கமராவோட."

*

ஞாயிறு பூசை முடிந்து நாற்பது பேர் மண்டபத்தில் நின்றார்கள். ஜெராட் தன் கதிரையில் இருந்தார். கதிரையில் சப்பாத்து அடையாளம் இன்னும் இருந்தது, அவர் கவனிக்கவில்லை.

"கத்தரின், சாவியை மேசையில வையுங்கோ," என்றார் ஜெராட். "நாங்கள் ஒருத்தரையும் தண்டிக்க வரேல்லை."

"வைக்கமாட்டன்," என்றாள் கத்தரின்.

அருமைராசா முன்னால் வந்தார். "ஜெராட், லென்ஸைக் கடைசியா எப்ப கண்டனீர்?"

"எத்தினை தரம் சொல்லுறது? நத்தாருக்கு முதல்நாள். இந்தக் கண்ணால."

"எல்லாருக்கும் கேட்டதோ? நல்லது. இப்ப உமக்கு மேல தொங்கிற கலண்டரைப் பாரும்." அவர் விளக்குகளைக் காட்டினார், தன் படத்தைக் காட்டினார். அதைத் திருப்பிப் பிடித்தார். சனம் நெருங்கியது. பலர் தங்கள் பணப்பைகளைத் தடவினார்கள். இரண்டு பேர் தங்களுடைய எண்பத்தேழாம் ஆண்டுப் படங்களையும் வெளியே எடுத்தார்கள். எல்லாவற்றிலும் கடி.

"தூசு," என்றார் ஜெராட். "அச்சுப் பிழை."

அருமைராசா யோசெப்பினைப் பார்த்தார். 'சொன்னேனா' என்ற பார்வை.

கதவடியில் நின்ற டிலக்ஷன் நடந்து வந்தான். மாமனின் முகத்தைப் பார்க்காமல் குழலிலிருந்து லென்ஸைக் கழற்றி, பேனாட்டின் கமராவின் ஓட்டையில் வைத்துத் திருகினான். அது தன் வீட்டுக்குள் போவது போலப் போய் இருந்தது. அக்னெஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நானும் அதைச் சந்தையில…" என்று தொடங்கினார் ஜெராட்.

"றெபேக்கா!" யோசெப்பினின் குரல் மண்டபத்தின் கடைசி வாங்குப்பலகை வரைக்கும் போனது. அவள் கறுப்புக் குழலை உயர்த்திப் பிடித்திருந்தாள். "உரல் கழுவி முடிஞ்சுதோ?"

றெபேக்கா குழலைப் பார்த்தாள். புருசனைப் பார்த்தாள். "நீங்கள் அது பட்டறையில நெளிவு எடுக்கக் கிடக்குது எண்டெல்லோ சொன்னனீங்கள்!"

அதோடு முடிந்தது. ஒருவன் எவ்வளவு பெரிய பொய்யையும் சங்கத்துக்குச் சொல்லித் தப்பலாம், மனைவிக்குச் சொன்னது வேறாக இருந்தால் தப்ப ஏலாது.

ஜெராட் எழும்பினார். முகம் சிவந்திருந்தது. "எடுத்தனான்தான். என்ன இப்ப? செத்தவரின்ர லென்ஸ் சும்மா கிடந்து பூஞ்சணம் பிடிக்குது. உயிரோட இருக்கிறவன் படம் எடுக்கட்டும் எண்டு எடுத்தன். கலண்டரைப் பாத்து நீங்கள் எல்லாரும் மெச்சினனீங்கள்தானே?"

"அதை அண்டைக்கே சொல்லியிருந்தா அக்னெஸ் தேத்தண்ணி போட்டுத் தந்திருப்பா," என்றார் அருமைராசா. "உமக்குத் தலைவர் கதிரை பெரிசாப் போச்சு. அதுக்காக ஒரு மனுசியை முழங்காலில நிக்கச் சொன்னீர்."

ஜெராட் கத்தரினின் பக்கம் குனிந்து, பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காத குரலில் ஏதோ சொன்னார்.

"எனக்குக் கேக்கேல்லை," என்றாள் கத்தரின். "என்னைக் கள்ளி எண்டு சொல்லேக்க மைக்கில சொன்னனீங்கள். இதையும் மைக்கில சொல்லுங்கோ."

ஜெராட் சுற்றிப் பார்த்தார். ஒருவரும் உதவிக்கு வரவில்லை. மைக்குக்கு நடந்து போய், "கத்தரின் எடுக்கேல்லை. நான் எடுத்தனான். மன்னிக்கவேணும்" என்றார். கத்தரின் 'மன்னித்தேன்' என்று சொல்லவில்லை. தலையை மட்டும் ஒருமுறை ஆட்டினாள், சாமான் வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போடுகிற மாதிரி.

டிலக்ஷன் பேனாட்டின் கமராவை அக்னெஸிடம் நீட்டினான். அவள் வாங்கவில்லை. "திரும்ப அலுமாரிக்குள்ள போய் என்ன செய்யப் போகுது? அவர் இதை ஆக்களின்ர முகம் பாக்கத்தான் வைச்சிருந்தவர். கேட்டு எடுத்தா களவில்லை. இப்ப கேள்."

"அன்ரி, நான் எடுக்கலாமோ?"

"எடு. முதல் படம் கத்தரின்."

"என்ர உரலை ஒருத்தரும் கேக்கேல்லை," என்றாள் யோசெப்பின். பிறகு குழலைப் பெருமூச்சோடு டிலக்ஷனிடம் நீட்டினாள். "பிடி. புது உரல் வாற வரைக்கும் றெபேக்கா ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு இடியப்பம் அவிப்பாள். கடையில வாங்கினா எனக்குத் தெரியும்."

நத்தாருக்குக் கட்டிய விளக்குக் கொடி மேடைச் சுவரில் இன்னும் கிடந்தது. யாரோ கொளுத்திவிட்டார்கள். கத்தரின் அதற்கு முன்னால் போய் நின்றாள். ஏப்ரனை அவிழ்க்கவில்லை. சாவிக் கோர்வையை இடுப்பிலிருந்து எடுத்து, நெஞ்சுக்கு நேரே பிடித்தாள்.

டிலக்ஷன் லென்ஸைத் திரும்பவும் குழலில் பூட்டி, குழலை இழுத்தான், தள்ளினான். "கொஞ்சம் சிரியுங்கோ அக்கா."

"ஏன் சிரிக்கவேணும்? சாவி வடிவாத் தெரியுதோ எண்டு பார். எடு."